நாடு முழுவதற்கும் ஒரே குறைந்தபட்ச ஊதியம்: தொழிலாளர் சட்டக் கேள்வி பதில்

கேள்வி: ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், இனி இந்தியா முழுவதும் ஒரே கூலிதானே ஐயா?

பதில்: இல்லை. 2019-ஆம் ஆண்டின் அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அது மத்திய அரசுக்கு அளிப்பது அடித்தள ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரம். அந்த அடித்தளமே பகுதிக்குப் பகுதி வேறுபடலாம். மாநில அரசுகள் தம் வரம்புக்குட்பட்ட வேலைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவிக்கும்போது அடித்தளத்துக்குக் கீழே போகக் கூடாது; ஏற்கெனவே கூடுதலாக அறிவித்திருந்தால் குறைக்கவும் கூடாது. அடித்தள ஊதியம், குறைந்தபட்ச ஊதியம் இரண்டையும் குழப்பிக்கொண்டு முதலாளியிடம் வாதாடப் போகாதீர்கள்.

கேள்வி: தொகையை எந்தக் கணக்கில் நிர்ணயிக்க வேண்டும்?

பதில்: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1957-இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவர் சம்பாத்தியம் மூன்று நுகர்வு அலகுகள் (வளர்ந்த ஆண் ஒருவரின் தேவை ஓர் அலகு; பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு) கொண்ட குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்றது; மனைவியின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு உள்ளிட்ட சில்லறைச் செலவுக்கு மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு என்று வகுத்தது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருமணம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் சேர்த்தது.

தொகுப்புக்கு முன் சட்ட வலு இல்லாமல் இருந்த தேசிய அடித்தள ஊதியமோ 1996-இல் நாளுக்கு 35 ரூபாயில் தொடங்கி, 2017-இல் 176 ரூபாயைத்தான் எட்டியிருந்தது. அரசே அமைத்த அனூப் சத்பதி குழு, கலோரியை 2,400 ஆகக் குறைத்து, குடும்பத்தை 3.6 அலகாகக் கொண்டு, 2018 ஜூலை விலையில் 375 ரூபாய் என்று கணக்கிட்டது. நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து 342 முதல் 447 ரூபாய் வரை வைக்கலாம் என்ற மாற்று யோசனையையும் அது தந்தது. என் சார்பு அந்த மாற்று யோசனையின் பக்கமே.

கேள்வி: பின்தங்கிய மாநிலத்துச் சிறு பட்டறைக்காரரால் அவ்வளவு கொடுக்க முடியுமா? பட்டறையை மூடிவிட்டால் கூலி எங்கிருந்து வரும்?

பதில்: கொடுக்கும் திறனைப் பார்த்துக் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் உனிச்சோயி வழக்கில் 1961-லேயே கூறிவிட்டது.

கேள்வி (அதே நண்பர்): தீர்ப்பு வந்துவிட்டால் சரக்கு விற்றுவிடுமா?

பதில்: விற்காது. ஆனால் கூலியை வெட்டி டெண்டர் எடுக்கும் ஒப்பந்ததாரருக்கு முன்னால், ஒழுங்காகக் கூலி கொடுப்பவர் இன்று தோற்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடித்தளம் முதலில் காப்பாற்றுவது அவரைத்தான். 2015-இல் ஜெர்மனி மணிக்கு 8.50 யூரோ என்ற குறைந்தபட்ச ஊதியத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும் பெருமளவு வேலையிழப்பு வரும் என்று எச்சரித்தார்கள், அப்படி நேரவில்லை. உங்கள் கவலையில் ஒரு பாதி நியாயமானது: உள்ளூர்க் கூலிக்கு எட்டாத உயரத்தில் தொகையை வைத்தால் வேலை பதிவேட்டை விட்டு வெளியே போய்விடும். நான் பகுதிவாரித் தொகையை ஆதரிப்பது அதனால்தான்.

கேள்வி: நாடு முழுவதும் ஒரே ஊதியம் எப்போது வரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நூறு நாள் வேலைக்கு இது பொருந்துமா?

பதில்: அதற்குத் தனிச் சட்டம், தனி ஊதிய அறிவிப்பு.

கேள்வி: நாங்கள் 500 ரூபாய் வாங்குகிறோம். இனி 375 ஆகுமா?

பதில்: ஆகாது. 375 என்பது குழுவின் பரிந்துரை, அதுவும் 2018 விலையில். அடித்தளம் வேறு, குறைந்தபட்சம் வேறு என்று மீண்டும் சொல்ல வைக்கிறீர்கள்.

கேள்வி: குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். வழியுண்டா?

பதில்: உண்டு. சட்டப்படியான ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. குறைந்தபட்சத்துக்கும் கீழான கூலிக்கு வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1983-இல் சஞ்சித் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வறட்சி நிவாரண வேலைக்குக்கூடப் பொருந்தியது. பாக்கித் தொகைக்கு மனுச் செய்ய முன்பு ஆறு மாதமே கெடு; புதிய தொகுப்பில் மூன்று ஆண்டுகள். வருகைப் பதிவின் நகலையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.