கோட்டைக்கு நடக்கிற வேலையா இது? ஒரு அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். "அரசியல்" என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ணாமல் விட்டுவிட்டேன். மகள் டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பப்ளிக் பாலிசி முதுநிலை படிக்கிறாள். முதல் வருடம் முடிந்தது. அங்கேயே கவர்மென்ட் ரிலேஷன்ஸ் ஆபீஸில், அதாவது அரசோடும் சட்டமன்றத்தோடும் பல்கலைக்கழகம் பேச வேண்டியதைக் கவனிக்கும் அலுவலகத்தில், பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது. "லாபியிங் என்றால் புரோக்கர் வேலைதானே, நாளைக்கு விசாவில் கை வைத்தால் என்ன செய்வது?" என்பது உங்கள் கேள்வி. முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் இருந்தவர் நீங்கள். கோட்டையில் எந்த அறை வாசலில் எவ்வளவு நேரம் நின்றால் ஃபைல் நகரும் என்று தெரிந்தவர். இந்தப் பயம் உங்களுக்கு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகட்டும். ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும்.

உங்கள் பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சேர்க்கையோடு ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் வந்ததும், வெளியூர்க் கட்டணம் போய் உள்ளூர் மாணவர் கட்டணம் ஆகிவிட்டது என்று போன வருடம் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? அது பல்கலைக்கழகம் மனமிரங்கிச் செய்தது இல்லை. போட்டி முறையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்கு உள்ளூர்க் கட்டணம் வாங்கலாம் என்று டெக்சஸ் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மொத்த மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதிலேயே உண்டு. சட்டமன்றம் எழுதியது, சட்டமன்றம் நினைத்தால் ஒரு திருத்தத்தில் எடுத்துவிடலாம். அப்படி ஒரு திருத்தம் வந்தால் "இதனால் இத்தனை மாணவர்கள் போய்விடுவார்கள், ஆய்வகத்தில் இத்தனை இடம் காலியாகும்" என்று கணக்கோடு போய்ச் சொல்ல ஒருவர் வேண்டாமா? அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் உங்கள் மகள் போகப்போகிற ஆபீஸ்.

டெக்சஸ் சட்டமன்றம் நம் ஊர் மாதிரி வருடா வருடம் கூடுவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தொடங்கும். 140 நாள்தான். அதற்குள் கீழவையின் 150 பேரும் மேலவையின் 31 பேரும் ஆயிரக்கணக்கான மசோதாக்களைப் புரட்டியாக வேண்டும். இரண்டு வருட பட்ஜெட்டையும் போட வேண்டும். அடுத்த அமர்வு 2027 ஜனவரி 12ஆம் தேதி. இந்த நவம்பரில் பொதுத்தேர்தல் முடிந்த அடுத்த திங்கட்கிழமையே மசோதாக்களை முன்கூட்டித் தாக்கல் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் அந்த ஆபீஸ் இப்போதே ஆள் எடுக்கிறது. கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் ஆள் தேடினால் நடக்குமா?

இனி லாபியிங் விஷயம், அதாவது சட்டம் இயற்றுகிறவர்களைத் தன் பக்கம் இழுக்கப் பேசுவது. அந்த மாநிலத்தில் இதற்குச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தைச் செலவழித்து, ஒரு மசோதாவை நிறைவேற்றவோ தோற்கடிக்கவோ எந்த அரசு அமைப்பும் முயலக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். ஆனால் தகவல் கொடுக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். குழு விசாரணையில் சாட்சி சொல்ல வருகிறவர் பெயரைப் பதியும்போது ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று இருக்கும். மசோதாவைப் பற்றிப் பேச மட்டும் வந்திருக்கிறேன் என்று அதற்குப் பொருள். பல்கலைக்கழக ஆட்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் பெயர் கொடுப்பார்கள். தகவல் சொல்வதற்கும் காரியம் சாதிப்பதற்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியதுதான், நான் மறுக்கவில்லை. எந்த எண்ணை முதலில் சொல்கிறோம் என்பதிலேயே ஒரு பக்கம் சாய முடியும். ஆனாலும் கோடு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ஹேசல்வுட் என்று அங்கே ஒரு சலுகை. தகுதியுள்ள டெக்சஸ் முன்னாள் படைவீரர்கள் அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் மணி நேரம் (பாடங்களை அளக்கும் அலகு) வரை கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். 2009இல் சட்டமன்றம் அதை நீட்டி, வீரர் பயன்படுத்தாமல் விட்ட மணி நேரத்தைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றது. நல்ல காரியம், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்தக் கட்டணத்தில் பெரும்பகுதியை மாநிலம் திருப்பித் தருவதில்லை. 2013இல் ஒரு நிதியம் உருவாக்கினார்கள், அதிலிருந்து ஓரளவுதான் வருகிறது. மிச்சம் பல்கலைக்கழகத்தின் தலையில், அதாவது கட்டணம் கட்டுகிற மற்ற பிள்ளைகளின் தலையில். 2015 அமர்வில் சலுகையைக் குறைக்கப் பார்த்தார்கள். முன்னாள் வீரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். நிறைவேறவில்லை.

இப்போது அந்த விசாரணை அறையை நினைத்துப் பாருங்கள். மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் 1888இல் கட்டிய இளஞ்சிவப்பு கிரானைட் கட்டடம். குழு அறைகளில் பல, பின்னால் நிலத்துக்கு அடியில் கட்டிய பகுதியில் இருக்கின்றன. பதக்கம் குத்திய சட்டையோடு ஒரு பெரியவர் எழுந்து, என் மகள் படிப்பு இதை நம்பித்தான் இருக்கிறது என்கிறார். அடுத்துப் பல்கலைக்கழகத்துக்காரர் முறை. "எதிர்க்கிறோம்" என்று அவர் சொல்லவும் மாட்டார், சட்டப்படி சொல்லவும் முடியாது. ஒற்றைத் தாளை நீட்டி, எங்கள் வளாகத்தில் இத்தனை பேர் இதில் படிக்கிறார்கள், போன வருடம் விட்டுக்கொடுத்த கட்டணம் இவ்வளவு, மாநிலம் தந்தது இவ்வளவு என்று மூன்று எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். முடிவு உறுப்பினர்கள் கையில்.

அந்தத் தாளைத் தயார் செய்வதுதான் சார் உங்கள் மகளின் வேலை. மசோதா தாக்கல் ஆனதும், இது நிறைவேறினால் எவ்வளவு செலவு என்று சட்டமன்ற பட்ஜெட் வாரியம் ஒரு குறிப்பு எழுதும். அதற்குப் பல்கலைக்கழகங்களிடம் கணக்குக் கேட்கும். அவகாசம் சொற்பம். பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு போன், கட்டணப் பிரிவுக்கு ஒரு போன், இரண்டு பேர் கொடுத்த எண்ணும் ஒத்துப்போகாது, ஏன் என்று மூன்றாவது போன். ஒருவர் தலை எண்ணிக்கையைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் பருவத்துக்குப் பருவம் தனித்தனியாக எண்ணியிருப்பார். இதைக் கண்டுபிடிக்கிற பெண் பிழைத்துக்கொள்வாள். கண்டுபிடிக்காமல் அனுப்பிவிட்டால், விசாரணையில் யாரோ ஒரு உறுப்பினர் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் கொடுக்கும் எந்தத் தாளையும் ஒரு பார்வை சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எதிர்த்திசையிலும், சட்டமன்றத்திலிருந்து, போன் வரும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸ் மின்கட்டமைப்பு படுத்து, லட்சக்கணக்கான வீடுகள் இருண்டு கிடந்தபோது சட்டமன்றம் கூடியிருந்த நேரம். "மின்தொடரமைப்பு தெரிந்த பேராசிரியர் உங்களிடம் யார்? நாளைக் காலை வர முடியுமா?" மாதிரிக் கேள்விகள் வந்து விழும் இடம் இதுதான். எந்தப் பேராசிரியர் பத்து நிமிடத்தில் புரியும்படி பேசுவார், யார் ஒன்றரை மணி நேரம் எடுப்பார் என்று இவர்கள் மனதில் ஒரு பட்டியல் இருக்கும். வெளியே காட்ட மாட்டார்கள்.

வாஷிங்டன் பக்கத்துக்கென்று பெரிய பல்கலைக்கழகங்கள் தனியாக ஆள் வைத்திருக்கின்றன. எம்ஐடி 1991இலேயே அங்கே அலுவலகம் திறந்தது. அங்கே நடப்பதிலும் உங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் உண்டு. 2017 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றிய வரி மசோதாவில், ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தள்ளுபடி செய்யப்படும் கல்விக் கட்டணத்தையும் வருமானமாகக் கணக்கிட்டு வரி போட வழி இருந்தது. கையில் வராத பணத்துக்கு வரி! மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். பல்கலைக்கழகங்களும் அவற்றின் சங்கங்களும் உறுப்பினர் அலுவலகங்களில் கணக்குகளைக் கொண்டுபோய் வைத்தன. டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. ஆனால் அதே சட்டத்தில், பெரும் சொத்துள்ள சில தனியார் பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருமானத்துக்கு 1.4 சதவீத வரி வந்தது. அதைத் தடுக்க முடியவில்லை. 2025இல் உச்ச விகிதம் 8 சதவீதமாகவும் ஏறிவிட்டது. இவர்கள் கேட்டதெல்லாம் நடக்கும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கறார் என்றேன் அல்லவா.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்குள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்குள் இந்த வேலை அடங்கும். ஆனால் வளாகம் டல்லாஸ் பக்கம், சட்டமன்றம் மூன்று மணி நேரம் காரில் போகும் ஆஸ்டினில். அமர்வு நாட்களில் அங்கே போய் உட்கார வேண்டியிருந்தால் அது "வளாக வேலை"யா, இல்லை படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்யத் தரும் சிபிடி அனுமதி வேண்டுமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

அடுத்தது தேர்தல் பணம். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்காவில் எந்த மட்டத்துத் தேர்தலுக்கும் நன்கொடை தரக் கூடாது. ஐந்து டாலரானாலும் சரி. வேட்பாளரின் பிரசாரக் குழுவிடம் டி-ஷர்ட் வாங்கினால்கூட அது நன்கொடைக் கணக்கில் சேரும். கூட வேலை செய்யும் பிள்ளைகள் ஆசையாக வாங்குவார்கள். இவள் வாங்கக் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதியட்டுமா என்று கேட்டால், இல்லை என்று அழுத்திச் சொல்ல வேண்டும். குடிமகள் என்று தவறாக ஓரிடத்தில் டிக் அடித்துவிட்டால், அது பல வருடம் கழித்துக் குடியேற்ற மனுவில் வந்து நிற்கும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான் சார், அந்த ஆபீஸுக்கு இல்லை.

இந்த ஆபீஸே நாளைக்கு நிரந்தர வேலை தருமா? அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி என்னும் வேலை விசாவில் வருடாந்தர உச்சவரம்பு கிடையாது, லாட்டரி இல்லை என்று நானே பல பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். 2026 ஜனவரியில் டெக்சஸ் ஆளுநர், அரசுப் பல்கலைக்கழகங்கள் புதிய எச்-1பி மனு போடுவதை 2027 மே இறுதி வரை நிறுத்திவைக்க உத்தரவிட்டதும் என் வாய் அடைத்துவிட்டது. போதாததற்கு, இந்தத் துறையில் மூத்த இடங்களுக்கு வருகிறவர்கள் பலரும் சட்டமன்றத்திலோ, காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்திலோ உறுப்பினர்களிடம் உதவியாளராக இருந்து பழகியவர்கள். காங்கிரஸில் சம்பள வேலை நம் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய மூடிய கதவு.

ஆனால் இந்த வேலையில் வரும் கைப்பழக்கம் வேறு இடங்களில் விலை போகும். பல்கலைக்கழகங்களின் தரவு ஆய்வுப் பிரிவு, பட்ஜெட் பிரிவு, தனியார் பல்கலைக்கழகங்கள், கல்விக்கொள்கை ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் "மசோதாவைப் படித்துச் செலவுக் கணக்கு எழுதியிருக்கிறேன்" என்ற ஒரு வரியைத் தேடுகின்றன. ஊர் திரும்பினால் டெல்லியில் நாடாளுமன்ற மசோதாக்களை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பு இருக்கிறது, 2005இல் தொடங்கியது. எம்பிக்களோடு சேர்ந்து வேலை செய்யும் அவர்களின் லேம்ப் ஃபெலோஷிப்புக்கு 25 வயது வரம்பு உண்டு. பிறந்த தேதியை இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசும்போது "அரசியல்வாதி யாராவது வருவார்களா" என்று கேட்காதீர்கள். உனக்கு மேலே இருப்பவர் யார், அமர்வு நேரத்தில் ஆஸ்டின் பயணம் உண்டா, உன் ஐ-20இல் (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தந்த சான்று) படிப்பின் குறியீட்டு எண் என்ன என்று கேளுங்கள். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை செய்யத் தரும் ஓபிடி அனுமதி ஒரு வருடத்தோடு முடியுமா, இன்னும் 24 மாதம் நீளுமா என்பதை அந்தக் கடைசி எண்தான் முடிவு செய்யும். இந்த மூன்றுக்கும் பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இன்னொன்று. விசாரணை அறைக்குப் போவதென்றால் கோட் வேண்டும், அங்கே ரெடிமேடில் நல்ல விலை. அளவு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நம் தில்லைநகர் டெய்லரிடம் இப்போதே கொடுத்தால் தீபாவளி கூட்டத்துக்கு முன்னால் தைத்து வாங்கிவிடலாம்.