ஐந்தரைக் கட்டைக் குரல் எங்கே போனது?

இசை கற்கும் மூத்தோருக்கான கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஞாயிறு காலைகளில் நடந்துவரும் இசை ரசனை வகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களுள் ஐந்தினுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள்; தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டபின் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள்.

கேள்வி: எனக்கு வயது 62. தோட்டத்தில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை பஜனையில் முதல் குரல் என்னுடையதாகத்தான் இருக்கும். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அண்மையில் இரண்டு நாள் பாட்டுப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தேன். ஆண், பெண் முப்பது பேரையும் ஒரே சுருதியில் பாடவைத்தார்கள். மேல் சட்ஜத்தை (மேல் 'ச' சுரத்தை) எட்டுவதற்குள் தொண்டை வலித்தது. ஒரு வாரம் குரல் கம்மிக் கிடந்தது. என் குரல் போய்விட்டதா, ஐயா?
(முன்னாள் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: போகவில்லை, அம்மா. கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல்நாண்கள் சற்றுத் தடித்துக் குரல் தாழ்வது உடலின் இயல்பு. ஆண்களுக்கோ முதுமையில் குரல்நாண்கள் மெலிவதால் குரல் சற்றே உயரவும் கூடும். அப்படியிருக்க, முப்பது தொண்டைக்கும் ஒரே சுருதியை வைத்தது, பால் வெட்டப் போகிற முப்பது பேருக்கும் ஒரே அளவில் காலணி கொடுத்தது போன்ற வேலை. வலித்தது உங்கள் குற்றமன்று.

உங்களுக்குரிய சுருதியை, அதாவது உங்கள் குரலுக்கு ஏற்ற ஆதார ஒலியை, கண்டுபிடிப்பது கடினமான காரியமும் அன்று. ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ சட்ஜத்தை வைக்கும் இடத்தைத்தான் கட்டை என்று சொல்கிறோம். மேற்கத்திய இசையில் 'சி' எனப்படும் வெள்ளைக் கட்டை நமக்கு ஒன்று. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் ஐந்தாவது ஐந்து கட்டை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள கறுப்பு ஐந்தரை. கர்நாடக இசை பாடும் பெண்கள் பெரும்பாலும் நான்கரைக்கும் ஆறுக்கும் இடையிலும், ஆண்கள் ஒன்றையும் இரண்டையும் ஒட்டியும் பாடுவார்கள். ஒரு கட்டையில் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கீழே மந்திர பஞ்சமம் (கீழ் 'ப') வரை இறங்கிப் பாருங்கள்; பிறகு மேலே தார காந்தாரம் (மேல் 'க') வரை ஏறிப் பாருங்கள். கீழே போகும்போது குரல் காற்றாகிவிடாமலும், மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைக்காமலும் இருந்தால் அதுவே உங்கள் கட்டை.

எங்கள் வகுப்பில் உங்களைப் போலவே ஓர் அம்மா இருந்தார். இளமையில் ஐந்தரையில் பாடியவர். அந்த எண்ணைத் தம் வீட்டு விலாசத்தைப் போல நினைவில் வைத்திருந்தவர். பாடும்போது இரண்டு விரலால் தொண்டையைப் பிடித்துக்கொள்வார். அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வந்தோம். ஐந்தில் முகம் சுளித்தார். நான்கரையில் விரலை எடுத்தார். நான்கில் தோள்கள் இரண்டும் தளர்ந்து இறங்க, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது. அவருக்கு அதில் மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு கட்டை என்றால் கிழவிக் குரல் என்று அடுத்த இரண்டு வாரம் புலம்பிக்கொண்டிருந்தார்.

வீட்டில் பயில விரும்பினால் காலையில் பதினைந்து நிமிடம் போதும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்ப் பழகிய உடம்புக்கு நேரத்தைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே இப்போது சுருதிப்பெட்டிச் செயலிகள் கிடைக்கின்றன. ஒரு குவளை வெதுவெதுப்பான நீர் குடித்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் கீழ்ச் சுரங்களை மட்டும் 'ஆ' என்று நீட்டிப் பிடியுங்கள். பிறகு தொடக்கப் பயிற்சியான சரளி வரிசைக்குப் போகலாம். சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் புரந்தரதாசர் என்பது மரபு. எழுபத்திரண்டு மேளங்களுள் (தாய் இராகங்களுள்) பதினைந்தாவதான அந்த இராகத்தில், ச ரி க ம என்று ஏறும் முதற்பாதியின் இடைவெளிகள் அப்படியே ப த நி ச என்னும் மறுபாதியிலும் திரும்ப வருவதால், கீழே பழகிய கை மேலேயும் வழி தெரிந்து போவதுபோல் தொண்டைக்கு இரண்டாவது பாதி எளிதாகிவிடுகிறது.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பாட்டு ஆசிரியரிடம் போகாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறை பயிலரங்கில் சேருமுன், குரலைப் பார்த்துக் குழு பிரிப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். கடைசி நாள் மேடையேற்றமும் சான்றிதழும் உண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் சற்று யோசியுங்கள். மேடைக்கு ஒரு பாட்டைத் தயார் செய்யும் அவசரத்தில் இரண்டு நாளும் ஓடிவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பாட வராது. கற்கும் எண்ணமும் இல்லை. நவராத்திரியில் கோவிலுக்குக் கச்சேரி கேட்கப் போனால் பாடகர் சொல்லே இல்லாமல் இழுக்கத் தொடங்கியதும் தூங்கிவிடுகிறேன். என் போன்றவர்களுக்கும் வகுப்பு உண்டா?
(வாசகர், கோலகங்சார்)

பதில்: உங்களுக்காகத்தான், ஐயா, அந்த வகுப்பே. பாடத் தெரியாதவர் கேட்கவும் தகுதியற்றவர் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். சமையல் தெரியாதவனுக்குச் சாம்பாரில் உப்புக் குறைவது தெரியாமலா போகும்?

முதலில் கைக்கு வேலை கொடுங்கள். தூக்கம் பாதி போய்விடும். கச்சேரியில் அதிகம் வருவது ஆதி தாளம். வலக் கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்றை எண்ணுங்கள். அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. பாட்டு தொடங்கும் இடம் சில வேளை முதல் தட்டிலேயே இருக்கும். சில வேளை அரை எண்ணிக்கை தள்ளி இருக்கும். பாட்டு தொடங்கும் அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். தட்டுக்கும் சொல்லுக்கும் உள்ள அந்தச் சிறு இடுக்கைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் வகுப்பில் லாரி ஓட்டுநர் ஒருவர், "அட, பின்னால வந்து மோதாம நிக்குதுங்களே!" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் இழுவை என்று சொல்வது ஆலாபனை. அதில் சொல் இல்லை, தாளமும் இல்லை. இராகத்தின் உருவத்தை மட்டும் பாடகர் சிறிது சிறிதாகக் காட்டிக்கொண்டே போகிறார். இதற்கு மாதம் ஓர் இராகம் என்று வைத்துக்கொள்வதே நல்ல வழி. நாங்கள் மோகனத்தில் தொடங்கினோம். ச ரி க ப த என்று ஐந்தே சுரம். மத்திமமும் நிஷாதமும் கிடையா. நான்கு வாரமும் மோகனத்தைத் தவிர வேறு எதையும் ஒலிக்கவிடவில்லை. வாய்ப்பாட்டு, நாகசுரம், புல்லாங்குழல், பழைய திரைப்பாட்டு என்று எது வந்தாலும் மோகனந்தான். மூன்றாம் வாரம், ஒட்டுக்கடை நடத்தி ஓய்வு பெற்ற சீனப் பெரியவர் ஒருவர், மனைவியை அழைத்துப் போக வந்தவர், வாசற்படியில் நின்றபடியே தங்கள் கோவில் திருவிழாவில் வாசிக்கும் மெட்டு ஒன்றை முணுமுணுத்துக் காட்டினார். சீன இசையின் ஐந்து சுர வரிசையும் நம் மோகனத்தின் சுரங்களும் ஒன்றே என்பதை நூலில் படித்திருந்தேன். காதால் கேட்டது அன்றுதான். சுரத்தை அசைத்துப் பாடும் நம்முடைய கமகம் அவரிடம் இல்லை. அவர் சுரத்தை வழுக்கிய விதம் நம்மிடம் இல்லை. ஐந்து சுரம் ஒன்றாக இருந்தும் இரண்டு இசையாவது எப்படி என்று அந்த வகுப்பு முழுதும் பேசிக்கொண்டிருந்தோம்.

கச்சேரியின் போக்கும் தெரிந்திருந்தால் எப்போது நிமிர்ந்து உட்காருவது என்பது தெரியும். இன்று நாம் கேட்கும் வடிவத்துக்குக் கச்சேரியைக் கொண்டுவந்தவர் என்று அரியக்குடி இராமானுஜ ஐயங்காரைச் (1890-1967) சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கிச் சில சிறிய கீர்த்தனைகள். நடுவில் முதன்மை உருப்படி, அதற்கு நீண்ட ஆலாபனை, ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவல், கற்பனைச் சுரம். அதன் பின் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம். பிறகு துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்கள், தில்லானா, நிறைவாக மங்களம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேநீருக்கு எழுந்து போகும் கூட்டத்தோடு போய்விடாதீர்கள். கையில் எட்டு எண்ணத் தெரிந்தவருக்குக் கச்சேரியிலேயே சுவையான பகுதி அதுதான்.

கேள்வி: திரைப்பாட்டுப் பாடினால் எங்கள் ஆசிரியர் கோபித்துக்கொள்கிறார். அவர் செய்வது சரியா?
(வாசகி, ஈப்போ)

பதில்: சரியன்று. கீர்த்தனைகளும் திரைப்பாடல்களும் ஒரே கையால் எழுதிய பாபநாசம் சிவனை (1890-1973) அவரால் எந்தப் பக்கம் வைக்க முடியும் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நெடுநாள் காதில் விழுந்த திரைமெட்டே பெரும்பாலானவர்களுக்கு இராகத்தின் வாசற்படி. ஆனால் வகுப்பு நேரத்தில் கைப்பேசியில் கரோக்கே போட்டுப் பாடியதற்காகக் கோபித்திருந்தால், நான் ஆசிரியர் பக்கம்.

கேள்வி: பாடல்கள் எல்லாம் தெலுங்காக இருக்கின்றன. பொருள் தெரியாமல் பாட மனம் ஒப்பவில்லை. தமிழிலேயே கற்க இயலுமா?
(ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாப்பா)

பதில்: தாராளமாக இயலும். உங்கள் கேள்வி புதியதன்று. இதே கேள்விதான் தமிழிசை இயக்கமாக எழுந்து, அண்ணாமலை அரசர் போன்றோரின் முயற்சியால் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றக் காரணமாயிற்று. கர்நாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராசர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவருக்கும் முற்பட்டவர்களான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் கீர்த்தனைகள் ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

நம் நாட்டில் அதைவிட அருகில் ஒரு வழி உண்டு. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்காக உங்கள் மாணவர்களை நீங்களே பயிற்றுவித்திருப்பீர்கள். சம்பந்தரின் முதல் பதிகமாகிய 'தோடுடைய செவியன்' நட்டபாடை என்னும் பண்ணில் (பழந்தமிழ் இராகத்தில்) அமைந்தது. ஓதுவார்கள் அதை நாட்டை இராகத்தின் சாயலில் பாடுவார்கள். சுந்தரரின் 'மீளா அடிமை' செந்துருத்திப் பண், அதை மத்தியமாவதி இராகத்தில் பாடுவார்கள். பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணுக்காகச் சொல்லிக்கொடுத்த அதே பதிகங்களைப் பண்ணறிந்து நீங்கள் மறுபடி பாடத் தொடங்கினால், மொழியும் இசையும் ஒருங்கே கிடைக்கும்; பொருளைத் தேட வேண்டிய தொல்லையும் இல்லை. ஆயினும் தெலுங்குக் கீர்த்தனை பாடும் இடத்தில் எழுந்து போய்விடாதீர்கள். பொருள் விளங்காத பாட்டில் இராகம் மட்டும் தனித்து நிற்பதால், கேட்கும் பயிற்சிக்கு அது ஒரு வசதி.

கேள்வி: எங்கள் ஊர் மண்டபத்தில் மூத்தோருக்கு இசை வகுப்பு நடத்தக் குழு அமைத்திருக்கிறோம். பக்கவாத்தியக்காரர் எவரும் இல்லை. என்னென்ன தேவை? முடிந்தால் ஒருமுறை எல்லாரையும் சென்னைக் கச்சேரிக்கும் அழைத்துச் செல்ல ஆசை.
(குழுச் செயலாளர், சித்தியவான்)

பதில்: தொடக்கத்தில் பக்கவாத்தியம் வேண்டாம், சுருதிப்பெட்டியும் பாட்டு ஒலிக்க ஒரு நல்ல ஒலிபெருக்கியும் போதும். வகுப்பை மாலையில் வைக்காதீர்கள். நாலு மணி மழை தகரக் கூரையில் இறங்கினால் தம்புராவின் ஒலியைத் தேட வேண்டியிருக்கும். காலை பத்து மணி நல்லது. சுருதி சேர்க்கும் ஐந்து நிமிடம் மின்விசிறியை நிறுத்துங்கள். முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். தரையில் பாய் விரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசிரியருக்கு முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லி, கைப்பிடியில்லாத நாற்காலிகளைப் போடுங்கள். கைப்பிடி இருந்தால் தாளம் போட இடிக்கும். உங்கள் வட்டாரத்தில் சமூக நலத் துறையின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் இருந்தால், இடத்துக்கு அங்கே முதலில் கேளுங்கள். இசைக்கென்று எழுந்த அமைப்பு ஒன்று எப்படி இயங்குகிறது என்று பார்க்க, 1981-இல் தொடங்கப்பட்ட 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. குழுவாக ஒருநாள் போய்வரலாம்.

சென்னைக்கு டிசம்பரில் போங்கள். 1928-இல் நிறுவப்பட்ட மியூசிக் அகாடமியில் மார்கழி விழாவின்போது காலையில் விளக்கவுரைகள் நடக்கும். பாடிக் காட்டியே பேசுவார்கள் என்பதால் மூத்த மாணவர்களுக்கு இரவுக் கச்சேரியைவிட அதில் பயன் அதிகம். பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. இளங்கலைஞர்கள் பாடுவார்கள், இடமும் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் மண்டோர் ஐயாவைப் போல நீங்களும் தூங்கிவிடுவீர்கள். சபா உணவகத்தில் வரிசை நீளம், ஆகவே தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்தால்தான் இடம் கிடைக்கும் என்பார்கள். நம்பாதீர்கள், மங்களம் முடிந்தும் அங்கே காப்பி இருக்கும். அரங்கின் குளிரூட்டிக்கு ஒரு சால்வை மட்டும் மறவாமல் எடுத்துப் போங்கள்.