வலியோடு வருகிறவர்களுக்கு யோகா ஆசிரியர் எந்த ஆசனம் சொல்லித்தருவது?

ஆசிரியர் பயிற்சி முடித்து இப்போதுதான் வகுப்பு தொடங்கியிருக்கிறீர்கள்; முழங்கால் வலி, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிரச்சினை என்று வருகிறவர்களுக்கு எந்த ஆசனம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் 14 வருடமாக வகுப்பு எடுக்கிறேன். ஆசனம் இருக்கட்டும், முதலில் விசாரிப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னுடைய முதல் வருடம். ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா பச்சிமோத்தானாசனத்தில் (காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது) பாதிதான் குனிந்திருந்தார். "இன்னும் கொஞ்சம்மா" என்று முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. போன் செய்தால், இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீர் என்று இழுக்கிறது, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை என்றார். கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுக்கம் அவருக்கு முன்பே இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் முதுகிலும் கை வைத்து அழுத்தியதில்லை.

தொடையின் பின்தசை இறுகியிருந்தால் குனியும்போது இடுப்பு முன்னால் சாயாது. வளைவு முழுக்கக் கீழ்முதுகில் விழும். டிஸ்க்கின் முன்பக்கம் நசுங்கி, உள்ளே இருக்கும் கூழ் பின்னால் நரம்புப் பக்கம் தள்ளும். எட்டு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு அந்த அம்மா திரும்ப வந்தபோது, சுவரில் கை ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முதுகு நேராக இருக்கும் அளவுக்குத்தான் குனியச் சொன்னேன். இன்றும் அப்படித்தான் செய்கிறார்.

முழங்காலும் இதே கதைதான். பத்மாசனத்தில் தொடை சுழல வேண்டியது இடுப்பு மூட்டில். அங்கே சுழலாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொண்டு ஜவ்வு அடிபடும். நாற்காலியில் உட்கார வையுங்கள். பிராணாயாமத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தரையிலிருந்து எழும்போது எதையாவது பிடித்துக்கொள்கிறீர்களா, கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் வலிக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கண்ணில் பிரஷர் என்று சொட்டு மருந்து விடுகிறீர்களா? கண்ணில் பிரஷர் இருப்பவருக்குத் தலைகீழ் ஆசனம் எதுவும் வேண்டாம்; அந்த அழுத்தம் இன்னும் ஏறும். சென்னையில் யோகா ஆசிரியர் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற யோகா நிலையத்திலும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத் தனித்தனியாகத்தான் பயிற்சி அமைத்துக் கொடுக்கிறார்கள்.

ஆசனத்தில் இருக்கும்போது அவர்கள் மூச்சைப் பாருங்கள். பிடித்து வைத்திருந்தாலோ திக்கினாலோ அளவு மீறிவிட்டது, பின்வாங்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்தின நாள் பயிற்சி அதிகம் என்று எடுத்துக்கொண்டு குறையுங்கள்.

நோய் இன்னது என்று சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் முதுகுவலிக்காரர் பாதத்தைத் தூக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை அல்லது வரமாட்டேன் என்கிறது என்று சொன்னால் அன்று ஓர் ஆசனம்கூட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, வீட்டுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.