பிள்ளையின் தலைத்துணியைப் பார்த்துப் படிப்பைத் தெரிவு செய்யாதீர்கள்

கடந்த மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு தகப்பனும் தாயும் தங்கள் மூத்த மகளை அழைத்துக்கொண்டு, திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள என் கல்வி ஆலோசனை அறைக்கு வந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மட்டும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய அளவு வரவில்லை. தகப்பனின் கோப்பில் பெறுபேற்றுத் தாளுக்கும் மேலே வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் வண்ணப் பிரசுரமும், அதன் கீழே காணி உறுதியின் போட்டோப்பிரதியும் இருந்தன. பிரசுரத்தை அனுப்பியவர் கட்டாரிலிருக்கும் தாய்மாமன். குடும்பத்துக்கு ஒரு டொக்டர் வேண்டும், முஸ்லிம் நாடொன்றில் படித்தால் ஹிஜாபைப் பற்றி எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய வாதம். சிறிய தகப்பனான சாச்சாவின் கட்சி வேறு. கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியையாக வருவதே "நம்மட பொம்பளப் புள்ளைகளுக்குப் பாதுகாப்பு" என்கிறார் அவர். தாய் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்க போனாலும் இந்தத் துணியப் பத்தித்தானே சேர் முதல்ல கேக்குறாங்க?" என்றார்.

பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். மூன்று பெரியவர்கள் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பேசும்போது, அவள் எதில் கெட்டிக்காரி என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்செல்லாம் அவள் தலையிலிருந்த துணியைச் சுற்றியே நடந்தது. வெளியிலுள்ளவர்கள் செய்யும் அதே தவறை வீட்டுக்குள்ளும் செய்கிறீர்கள் என்று அவர்களிடம் நேரடியாகவே சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குப் போகவிருந்த மூதூர்ப் பிள்ளை ஒருத்தியிடம், "அன்றைக்கு மட்டும் கழற்றிவிட்டுப் போங்களேன்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "வேலை கிடைச்சா முதல் நாள் எதைப் போட்டுக்கொண்டு போறது சேர்?" என்று கேட்டாள். பதினோரு வயதிலிருந்து விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று நெற்றிக்கு மேலே மடித்து, தாடைக்குக் கீழே ஊசி குத்திச் சரிசெய்துகொள்ளும் ஒன்றை, குடையைப் போல வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று நான் எண்ணியிருந்தேன். அன்றிலிருந்து, உடையைப் பற்றிய பேச்சைப் பிள்ளை தானாக எடுத்தாலொழிய நான் எடுப்பதில்லை. இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஹிஜாப் தலையையும் கழுத்தையும் மூடுவது, அபாயா உடலுக்கு மேல் அணியும் நீண்ட அங்கி, நிகாப் முகத்தை மறைப்பது. இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு முடிவெடுக்கும் அதிகாரிகள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தின் விலையை இப்பிள்ளைகளே கொடுக்கிறார்கள்.

சாச்சாவின் "பாதுகாப்பு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 2018 இல் இதே நகரத்தில் அபாயா அணிந்து பாடசாலைக்கு வந்ததற்காக எதிர்ப்பைச் சந்தித்து இடமாற்றப்பட்டவர்கள் ஆசிரியைகளே. சேலைதான் பாடசாலையின் பண்பாடு என்று அன்று வாதிட்டவர்களில் என் தமிழ்ச் சமூகத்தவர்கள், என் நண்பர்கள்கூட, இருந்தார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கமே முடிவு சொன்னது. ஆனாலும் 2022 பெப்ரவரியில் அவர்களில் ஒருவர் கடமையேற்கத் திரும்பியபோது மறுபடியும் குழப்பம் எழுந்தது. ஆகவே, ஆசிரியத் தொழிலில் கரும்பலகையின் முன்னால் நிற்க விருப்பமுள்ள பிள்ளை தாராளமாக அதற்குப் போகட்டும். ஹிஜாபுக்கு ஒளிவிடம் தேடி எவரும் அதற்குள் போக வேண்டாம், ஏனென்றால் அது ஒளிவிடமாக இருந்ததில்லை. கேள்வி எங்கும் வரும். வரும்போது, தான் விரும்பிச் செய்யும் தொழிலில் நிற்கிறவளே அதற்குப் பதில் சொல்லத் தெம்போடு இருப்பாள்.

மாமாவின் யோசனையைப் பொறுத்தவரை நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றுவந்தாலும், இங்கே தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையின் தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். முகவர்களின் பிரசுரத்தில் இந்த வரி மிகச் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. அதைவிடப் பெரிய விடயம் அந்தக் காணி உறுதி. கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது நாமெல்லோரும் அறிந்தது. ஈடு வைக்கப்போவது இளைய மகளுக்கென்று மதில் கட்டிவைத்திருக்கும் வளவு. மூத்தவளின் விருப்பமில்லாத ஒரு பட்டத்துக்காக இளையவளின் வீட்டை வங்கியில் கொண்டுபோய் வைப்பதற்கு என்னிடம் ஒப்புதல் கேட்காதீர்கள், தரமாட்டேன் என்றேன். ஹிஜாபுக்காகத்தான் வெளிநாடு என்பதும் முழு உண்மையல்ல. படித்து முடித்துத் திரும்பிவரப் போவது இதே திருகோணமலைக்குத்தானே!

அதன் பிறகுதான் பிள்ளையிடம், வீட்டில் நேரம் போவது தெரியாமல் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் சிரித்துக்கொண்டே, "உம்மம்மாட காது மிஷினோடதான் கிடப்பா" என்றார்.

கதை இதுதான். தாயின் தாயான உம்மம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முக்காடு போட்டதும் அது "கீ" என்று கத்தும்; தலையைத் திருப்பினால் துணி உரசி மழை பெய்வதுபோல் இரைச்சல் வரும். கருவி விற்ற இடத்திலிருந்த இளைஞர், துணியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாராம். உம்மம்மா ஒன்றும் பேசாமல் வீடு திரும்பி, கருவியை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டார். பேத்திதான் அதை வெளியே எடுத்தவள். கருவியின் ஒலிவாங்கி காதின் மேல் விளிம்பில் இருப்பதையும், இறுக்கிக் கட்டிய துணி வெளியே கசியும் ஒலியைத் திருப்பி உள்ளே தள்ளுவதால்தான் அது கத்துகிறது என்பதையும் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, வழுக்கும் ஜோர்ஜெட்டை விலக்கி, மெல்லிய பருத்தித் துணியைத் தெரிந்து, காதுக்கு மேலே மட்டும் ஒரு விரல் நுழையுமளவு தளர்த்தி மடித்துக் கொடுத்திருக்கிறாள். செம்மஞ்சள் வில்லை ஒட்டிய 13 ஆம் இலக்கப் பற்றரியில் அந்த வில்லையை உரித்தவுடன் போடாமல், காற்றுப்படச் சிறிது நேரம் வைத்துப் போட்டால் நன்றாக உழைக்கும் என்று எனக்கே பாடம் நடத்தினாள்.

இவளை எந்தத் திசையில் அனுப்புவது என்று நான் இன்னமும் யோசிக்க வேண்டுமா?

களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் றாகமையில் இருக்கிறது. அங்கே பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞானத்தில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடக்கிறது. அரச பல்கலைக்கழகம், கற்கைக் கட்டணம் கிடையாது. மருத்துவத்துக்குக் கேட்கும் இசட் புள்ளி இதற்குத் தேவைப்படுவதில்லை. திருகோணமலைப் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதை எழுதுவதே அரிது. எழுதினாலும் அடியில், இடம் நிரப்பும் வரியாக எழுதுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாடச் சேர்க்கையையும் ஆங்கிலத் தகைமையையும் சரிபார்த்து, அதை மேலே எழுதுங்கள். படிப்பு ஆங்கில மொழியில் நடப்பதால், பெறுபேறு வந்ததிலிருந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரையான மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும், ஆனால் அதற்கு வளவை விற்கத் தேவையில்லை. தூரம் என்றார் தகப்பன். நமது இரவுப் புகையிரதம் றாகமையைக் கடந்துதான் கொழும்புக் கோட்டைக்குப் போகிறது.

இந்தத் தொழிலுக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று செவிப்புலன்: ஒலி புகாத அறையில் நோயாளியை இருத்தி, 250 ஹேர்ட்ஸ் தொடக்கம் 8000 ஹேர்ட்ஸ் வரையான சுருதிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எது எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது என்று வரைபடத்தில் குறிப்பது, பிறந்த குழந்தையின் காதில் மெல்லிய குழாயை வைத்து உட்செவி திருப்பி அனுப்பும் நுண்ணிய ஒலியைப் பிடிப்பது, கருவியைத் தெரிந்து பொருத்துவது. பிறவிக் கேட்புக் குறையை ஒரு மாதத்துக்குள் முதற்சோதனையில் இனங்கண்டு, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவதே உலகெங்கும் இலக்கு, ஏனென்றால் கேட்காத பிள்ளைக்குப் பேச்சும் வராது. மற்றது பேச்சு: திக்குவாய், உதட்டுப் பிளவு, மதியிறுக்கம், பாரிசவாதத்துக்குப் பிறகு சொல் இழந்தவர்கள், விழுங்க முடியாதவர்கள்.

இரண்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் போதாது. இதை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட கிண்ணியாப் பெரியவர் ஒருவரிடம் குழம்பின் படத்தைக் காட்டினால் அவர் சிரமப்பட்டு "ஆணம்" என்பார். அந்தச் சொல்லை அறியாதவர் பிழை போடுவார். அறிந்தவளுக்கு அது அன்றைய முதல் வெற்றி. "அம்மா" என்று எழுதிய அட்டையைக் காட்டி, "உம்மா" என்ற பிள்ளையைத் திருத்த முயலும் அபத்தமும் இப்படித்தான் நிகழ்கிறது.

ஹிஜாபுக்கும் இத்தொழிலுக்கும் பொருந்துமா என்று கேட்டவர் தகப்பன்தான். பொருந்தும் என்பதோடு, அது சில கதவுகளைத் திறக்கவும் செய்யும். காதுச் சோதனையின்போது செவிக்கும் ஒலிப்பானுக்கும் இடையே துணி இருந்தால் அளவு பிழைக்கும். ஆனால் ஆணொருவர் இருக்கும் அறையில் முக்காட்டை விலக்க மறுத்து, துணிக்கு மேலேயே சோதனை செய்வித்துவிட்டுப் போகும் பெண்கள் நம்மூரில் இருக்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, "கொஞ்சம் தளர்த்துங்க மாமி, நான் மட்டும்தான் இருக்கன்" என்று சொல்லக்கூடியவள் இவள். பேச்சுப் பயிற்சியில் சிகிச்சையாளரின் உதடும் நாவும் தெரிந்தாக வேண்டும். ஹிஜாப் முகத்தை மறைப்பதில்லை. கைகழுவ வசதியாகச் சட்டைக்கை முழங்கை வரை ஏற வேண்டும், துணியின் நுனிகள் தொங்காமல் உள்ளே செருகப்பட வேண்டும். இப்போது ஊசிக்குப் பதிலாகப் பலரும் மாட்டிக்கொள்ளும் காந்த வில்லைகளை மட்டும், உட்செவிக்குள் கருவி பதித்த பிள்ளைகளின் அருகே அணியக் கூடாது. அந்தக் கருவிக்குள்ளும் காந்தம் இருக்கிறது.

கேள்வியே வராது என்று நான் பொய் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு, அம்மாதம் 29 ஆம் திகதி வந்த அவசரகால விதி முகத்தை மறைப்பதைத் தடைசெய்தது, முகம் என்பதற்குள் காதுகளையும் சேர்த்தது. முகத்தை மறைக்காத பெண்கள்கூட பஸ்ஸிலும் அலுவலக வாசலிலும் காதைக் காட்டச் சொல்லி நிறுத்தப்பட்டார்கள். அந்தத் தடை அவ்வாண்டு ஓகஸ்டில் அவசரகாலச் சட்டத்தோடு முடிந்தது; பழக்கம் முடியவில்லை. 2024 இல் திருகோணமலை சாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் காதை மூடியிருந்தார்கள் என்ற காரணத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டு, பின்னரே வெளியிடப்பட்டன. அந்த நாட்களில் அவர்களில் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

எனவே இவளுக்குச் சொல்லி அனுப்பியவை இவை. பயிற்சிக்கு வைத்தியசாலை குறிக்கப்பட்டவுடன், உடை விதியை வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். அரச நிறுவனமொன்று மறுத்தால் மதச் சுதந்திரம், சமத்துவம், மதத்தை வெளிப்படுத்தும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் அரசியலமைப்பின் 10, 12, 14 ஆம் உறுப்புரைகள் உனக்காக இருக்கின்றன. ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் விசாரணைக் காலம் அதில் கணக்கிடப்படாது. தனியார் நிறுவனத்துக்கு எதிராக இந்த வழி திறந்திருக்காது, ஆகவே அங்கே சேருமுன்னரே கேள். ஹிஜாபை எப்படி அணிவது, எங்கே அணிவது என்பதை மாமாவோ, சாச்சாவோ, நானோ தீர்மானிக்கப் போவதில்லை, அது உனது.

தகப்பன் பிரசுரத்தை மடித்துக் கோப்பின் அடியில் வைத்தார், எறியவில்லை. கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமை அழைப்பு வருமாம். அந்த நேரத்தில் மூவரும் இங்கே வந்துவிடுங்கள், தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோரும் கேட்கப் பேசுவோம், முதலில் பிள்ளை பேசட்டும் என்றேன். அவள் எழுந்து கதவருகே போனவள் திரும்பிவந்து, அந்தப் பட்டத்தின் பெயரை ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேட்டாள். உம்மம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டத் தேவையில்லை, இப்போது மெதுவாகச் சொன்னாலே கேட்கும் என்றாள்.