பிள்ளைகளின் விளையாட்டைப் படிக்கப் போகும் மகளுக்காக

அன்புள்ள அக்கா,

போன வெள்ளிக்கிழமை தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு பஸ் ஏறி, மகளின் படிப்பைப் பற்றிக் கேட்க நனைந்த குடையும் கையுமாக என்னிடம் வந்து உட்கார்ந்தீர்கள். "மகள் உயர்தரப் பரீட்சை எழுதிட்டா. டீச்சராகிடுவான்னு பார்த்தா, சின்னப் பிள்ளைங்க விளையாடுறதையும் போன் பார்க்கிறதையும் ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா. இது ஒரு படிப்பா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். வெளியே ஐந்து பேர் காத்திருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படிப்புத்தான் அக்கா. 1840ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஃப்ரோபல் என்ற ஆசிரியர், மரக்கட்டைகளையும் பந்துகளையும் கொடுத்துப் பிள்ளைகளை விளையாடவிடும் தன் பள்ளிக்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டை ஆராய்வதற்கென்றே 2015இல் லெகோ என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் ஒரு மையம் தொடங்கினார்கள். ஆனால் உங்களுக்கு விளங்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலே போதும்.

ஒருமுறை தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை பழைய துணிப்பையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, வேலியோரத்து இலைகளைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு பையன் குச்சியின் ஒரு முனையில் பையைத் தொங்கவிட்டு நிறுத்தான். "அஞ்சு கிலோ. தண்ணிக்கு ரெண்டு கழிச்சா மூணு" என்றான். அவள் விடவில்லை. "இன்னிக்கு மழையே இல்ல, ஏன் கழிக்கிற?" என்று சண்டைக்குப் போனாள்.

அந்த ஐந்து நிமிடத்தில் நிறுத்தலும் கழித்தலும் காரணம் கேட்பதும் இருந்தன. யாரும் பாடம் நடத்தவில்லை. தாய்மார் பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொண்டது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் உங்கள் மகளுக்கு இருக்கிறது. அவளும் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள்தானே.

சரி, போன் எங்கே வருகிறது? அதே அறையில் இன்னொரு பிள்ளை வெறும் சவர்க்காரப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்து, "அம்மா, தெரியுதா? நான் கீறினது தெரியுதா?" என்று கேட்டபடி தன் படத்தைப் பெட்டிக்குக் காட்டினான். கொஞ்சம் பொறுத்து, "கட்டாகுது, கட்டாகுது" என்றான். அவனுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஆசிரியை சொன்னார். நம் பிள்ளைகளுக்குப் போன் என்றால் கார்ட்டூன் மட்டும் இல்லை, அம்மாவின் முகமும் அதில்தான் வருகிறது. அதை எழுத மலையகத்துப் பிள்ளை ஒருத்தி வரவேண்டும் என்று நான் ரொம்ப நாளாக ஆசைப்படுகிறேன்.

"போன் பிள்ளையைக் கெடுக்காதா?" என்ற உங்கள் பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் வேலை செய்கிறார்கள். என்ன பார்க்கிறது, யாரோடு பார்க்கிறது, பார்த்த பிறகு என்ன விளையாடுகிறது என்று கேட்கிறார்கள். திரையே இல்லாத கருவிகளும் உண்டு. பீ-பாட் என்று தேனீ வடிவில் ஒரு சின்ன ரோபோ. முதுகிலுள்ள அம்புக்குறிப் பொத்தானை அமுக்கிவிட்டு 'கோ' பொத்தானைத் தட்டினால், அமுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் 15 சென்ரிமீற்றர் நகரும். மூன்று தடவை அமுக்கினால் சுவர் வரை போகுமா என்று பிள்ளைகள் முன்கூட்டியே யோசிக்கவேண்டியிருக்கும்.

கருவியை மட்டும் கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனம் ஒரு முன்பள்ளிக்குத் தொடுதிரை டெப்கள் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு போனது. அதிலிருந்த பாடமெல்லாம் ஆங்கிலம். ஆசிரியைக்கு யாரும் பழக்கிக் காட்டவில்லை. உடைந்தால் தன் தலையில் விழும் என்று அவர் பயந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொடுப்பதற்கு முன்னால் அந்த அறையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். உங்கள் மகள் செய்ய நினைப்பது அந்த வேலையைத்தான்.

இதில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பிள்ளையையும் கேட்கவேண்டும். பிள்ளை முகத்தைத் திருப்பினால் கொப்பியை மூடிவிட வேண்டும். அதனால்தான் சிலர் கேள்வி கேட்பதை விட்டு, பிள்ளையின் கையிலேயே கெமராவைக் கொடுத்து, "உனக்குப் பிடித்த இடத்தைப் படம் எடு" என்கிறார்கள்.

இனி வழி. இரண்டு பாதை சொல்கிறேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் கல்வியியலோ உளவியலோ எடுக்கப் பார்க்கட்டும். கொழும்பில் கல்விப் பீடம் இருக்கிறது, பேராதனையில் உளவியல் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி அங்கேயே படிக்கும் உள்வாரி மாணவிக்குப் பட்டப்படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம்.

மற்றது பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு அரசாங்க ஆசிரியர் நியமனம். ஆரம்பக் கல்வியை எடுத்தால் சின்னப் பிள்ளைகளை விட்டு விலகவும் மாட்டாள். சம்பளம் வரத் தொடங்கியதும் திறந்த பல்கலைக்கழகத்தில் மேலே படிக்கலாம். முன்பிள்ளைப் பருவக் கல்விக்கும் ஆரம்பக் கல்விக்கும் அங்கே தனித்துறையே இருக்கிறது, கண்டிப் பக்கம் பொல்கொல்லையில் நிலையமும் உண்டு. வீட்டு நிலைமையை நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், எனக்கு இந்த இரண்டாவது பாதைதான் மனதுக்குப் படுகிறது. ஆனால் தீர்மானிக்க வேண்டியது அவள்.

காசு விஷயத்தை மறைக்க மாட்டேன். வெறும் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தால் வருமானம் மிகக் குறைவு, பல இடங்களில் குடும்பம் நடத்தப் போதாது. பட்டத்துக்கு மேல் முதுமாணி (மாஸ்டர்ஸ்) முடித்தால் பல்கலைக்கழக வேலை, பிள்ளைகளுக்கான நிறுவனங்கள், பாடப் பொருள் தயாரிப்பு என்று கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும். சுவீடன், நோர்வே போன்ற நாடுகளில் கலாநிதிப் (பிஎச்.டி) படிப்பையே சம்பளத்தோடு கூடிய வேலையாகத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டும். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காமல் தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, நாலு வரி எழுதட்டும்.

இன்னொரு வேலையும் அவளுக்கு வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் அரைமணித்தியாலம் ஒரு மூலையில் உட்காரட்டும். போன் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். ஒரு பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது என்று அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே கொப்பியில் எழுதட்டும். பெயர் எழுதக்கூடாது. 'நல்ல பிள்ளை', 'குழப்படிப் பிள்ளை' என்று தீர்ப்பும் எழுதக்கூடாது. ஒரு மாதம் எழுதிப் பார்த்தும் ஆசை குறையவில்லை என்றால், அந்தக் கொப்பியோடு அவளை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு வேறு யாருக்கும் நேரம் கொடுக்காமல் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி