வக்கீல் இருக்கும்போதே நாமே மனு போடலாமா?

உங்கள் கேள்வி: அமெரிக்கச் சிறையில் இருக்கும் உறவினர், அரசு கொடுத்த வக்கீல் சரியில்லை என்று தானே கைப்பட மனு எழுதி நீதிபதிக்கு அனுப்பப் போகிறார், பலன் இருக்குமா?

அனுப்பலாம், தபாலை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நீதிபதி அதில் உத்தரவு போடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். தனக்குத் தானே வாதாடும் உரிமையை 1975-ல் ஃபாரெட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் வக்கீலும் வேண்டும், நானும் வாதாடுவேன் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் உரிமை கிடையாது என்று 1984-ல் விக்கின்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. புளோரிடாவில் பொதுவாக இப்படிப்பட்ட மனு செல்லாக்காசு. பென்சில்வேனியாவில் நீதிமன்ற அலுவலகம் முத்திரை குத்திப் பதிவு செய்து ஒரு நகலை வக்கீலுக்கு அனுப்பும், இன்னொரு நகலை, கவனியுங்கள், அரசுத் தரப்புக்கு!

எனக்குப் பயமே அங்கேதான். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தபோது, கட்சிக்காரர் ஒருவர் போலீஸ் சோதனை சட்டவிரோதம் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினார், நல்ல வாதம்தான், ஆனால் நடுவில் "அன்று இரவு நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்" என்று ஒரு வரி. நாங்களோ அவர் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வக்கீலிடம் சொல்வது ரகசியம், மனுவில் எழுதுவது அப்படியில்லை.

சரி, வக்கீல் மேலேயே புகார் என்றால்? அது வேறு கதை, அதை நீதிபதி கேட்பார். கலிபோர்னியாவில் 1970 மார்ஸ்டன் தீர்ப்புக்குப் பிறகு, வக்கீலை மாற்றச் சொல்பவரின் காரணங்களை நீதிபதி கேட்டே ஆக வேண்டும். வழக்கமாக எதிர்த்தரப்பில் வாதாடும் அரசுத் தரப்பு வக்கீலை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்கள். அப்போதும் வக்கீலிடம் என்ன குறை என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும், சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

அப்புறம், எந்த மனு போடுவது என்பது பெரும்பாலும் வக்கீலின் முடிவு. குற்றத்தை ஒப்புக்கொள்வதா, ஜூரி வேண்டுமா, சாட்சிக் கூண்டில் ஏறுவதா, மேல்முறையீடு செய்வதா, இவை உங்கள் உறவினருடையவை. அவர் மறுத்தால் வக்கீலே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது, 2018-ல் மெக்காய் வழக்கில் அது உறுதியானது.

எழுதி வைத்த மனுவை இப்போதைக்கு வக்கீலுக்கே அனுப்பச் சொல்லுங்கள். "இதை ஏன் போடவில்லை?" என்று மேலே ஒரு வரி, தேதி, கையில் ஒரு நகல்.