கேள்வி-பதில்: வாயுவோடு போவதையும் கணக்கில் எடுங்கள்

20 லிட்டர் தண்ணீரை மின்னாற்பகுப்பில் (மின்சாரத்தால் வாயுவாகப் பிரித்து) 1 லிட்டராக வற்றவைத்தால் கனநீர் கிடைக்குமா?

கிடைக்காது. கடல்நீரில் 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 156தான் டியூட்டிரியம், அதாவது கனமான ஹைட்ரஜன். நீரின் ஹைட்ரஜன் அதுவாக இருந்தால்தான் கனநீர். பிரிப்புக் காரணி 6 என்று வைப்போம்: டியூட்டிரியத்தைவிடச் சாதா ஹைட்ரஜன் 6 மடங்கு எளிதாக வாயுவாகும். ஆனாலும் 20-ல் 1 பங்கு மிஞ்சும்போது டியூட்டிரியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் வாயுவோடு போயிருக்கும். செறிவு 12 மடங்குதான் ஏறும். கையில் இருப்பது 0.19 சதவீதம். 1 கிராம் தண்ணீரைப் பிரிக்க 3 ஆம்பியர்-மணி வேண்டும். ஒரே மின்னாற்பகுப்புக் கலத்தில் 20 ஆம்பியர் ஓட்டினால் நான்கு மாதம் ஆகும். கனநீர் ஆலைகளில் பின்கட்டங்களின் ஹைட்ரஜனை எரித்துத் திரும்ப நீராக்கி முன்கட்டத்தில் ஊற்றியது இந்த இழப்பை மீட்கத்தான்.

நிலத்தடி நீரில் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அளக்கும்முன் அதை மின்னாற்பகுப்பால் செறிவூட்டுகிறோம். கலத்தை 2 டிகிரிக்குக் குளிர்விக்கச் சொல்வது ஏன்?

முக்கியக் காரணம் நீராவி. ஒரு மோல் தண்ணீர் பிரிந்தால் ஒன்றரை மோல் வாயு வெளியேறும். ஒவ்வொரு குமிழும் ஆவியைச் சுமந்து போகும். 25 டிகிரியில் இப்படிப் போகும் நீர், பிரிந்த நீரில் 5 சதவீதம். 2 டிகிரியில் 1 சதவீதம்தான். அந்த ஆவி டிரிட்டியத்தையும் அள்ளிப்போகிறது. குளிரில் பிரிப்புக் காரணியும் கூடும். கலத்துக்குக் கலம் வெப்பநிலை மாறினால் முடிவும் மாறும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்திலும் அளவு தெரிந்த டிரிட்டிய நீரை ஒரு கலத்தில் வையுங்கள். அதில் எவ்வளவு தங்கியது என்பதே உங்கள் அளவுகோல்.

நீர் மின்சாரம் கடத்த, காஸ்டிக் சோடாவுக்குப் பதில் சோடியம் பெராக்சைடு சேர்ப்பது ஏன்?

காஸ்டிக் சோடாவில் ஹைட்ரஜன் உண்டு, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மாதிரியில் அந்நிய ஹைட்ரஜன் கலந்துவிடும். பெராக்சைடில் ஹைட்ரஜன் இல்லை. முதலில் மாதிரியைக் காய்ச்சி வடியுங்கள். உப்பு இருந்தால் குளோரின் கிளம்பி நேர்மின்வாயை அரிக்கும். 250 மில்லிக்கு 1 கிராம் பெராக்சைடு, சிறிது சிறிதாக, குளிர்ந்த நீரில். ஈரமான காகிதத்திலோ துணியிலோ சிந்தினால் தீப்பற்றும். 12.5 மில்லியாக வற்றும்போது பெராக்சைடு நீரில் தந்த காரம் 8 சதவீதத்தை எட்டும்; டிரிட்டியத்தின் கதிர்வீச்சை எண்ணும்முன் நடுநிலையாக்கி மறுபடி வடிக்க வேண்டும்.

கலத்தில் பழுப்புச் சேறு படிகிறதே?

வயரை மாற்றி இணைத்திருப்பீர்கள். மென் எஃகு எதிர்மின்வாயாக, துருப்பிடிக்கா எஃகு நேர்மின்வாயாக இருக்க வேண்டும். மாறினால் மென் எஃகு துருப்பிடித்துக் கரையும். அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள்.

அடர்த்தி பார்த்து டியூட்டிரியம் ஏறியதை அறியலாமா?

0.19 சதவீதக் கனநீர் மில்லிக்கு 0.0002 கிராம்தான் கூட்டும். 25 டிகிரி அருகே வெப்பம் 1 டிகிரி மாறினாலே அதைவிட அதிகம் ஆடும். கரைந்திருக்கும் காரமோ இரண்டையும் விழுங்கிவிடும். வடிக்காமல், வெப்பநிலையை நூற்றில் ஒரு டிகிரிக்குள் பிடிக்காமல் அளந்த எண்ணை நம்பாதீர்கள்.

வாயுவை அறைக்குள் விடலாமா?

கூடாது. காற்றில் 4 சதவீத ஹைட்ரஜனே தீப்பிடிக்கும். கலத்திலிருந்து வருவதோ ஆக்சிஜனோடு கலந்த வெடிகலவை. குழாயை நேரே வெளியே விடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே இணைப்பைக் கழற்றுங்கள். கிளிப்பில் எழும் ஒரு பொறி போதும்.